3.08-ஆ 3.42-ஆ? 33 டயரா 35 டயரா? கேம்பர் இழுக்க பழைய சில்வராடோ வாங்கப் போறேன், கொஞ்சம் வழி சொல்லுங்க

புதுவண்டி_டென்வர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் டென்வர் பக்கம் அரோரால இருக்கேன். இத்தனை வருஷமா மினிவேன்தான், இப்ப பசங்க ரெண்டு பேரும் கேம்பிங் கேம்பிங்னு ஒரே நச்சரிப்பு, வீட்லயும் சரின்னு சொல்லிட்டாங்க. அதனால பழைய பிக்கப் ஒண்ணும் சின்ன கேம்பர் டிரெய்லர் ஒண்ணும் பாத்துட்டு இருக்கேன். டிரெய்லர் கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு, காலியா 4,500 பவுண்ட், ஃபுல் லோடுக்கு ஜிவிடபிள்யூஆர் (சாமானோட சேத்து அதிகபட்ச எடை) 6,000 போட்டிருக்கான். பிக்கப்லதான் குழப்பம்.

ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். ரெண்டுமே 2013 செவி சில்வராடோ 1500, 5.3 வி8, 6 ஸ்பீட் ஆட்டோ, 4x4, க்ரூ கேப். முதல் வண்டி அப்படியே கம்பெனில வந்த மாதிரி இருக்கு, 265/70ஆர்17 டயர், பின் ஆக்ஸில் கியர் ரேஷியோ 3.08. ரெண்டாவது வண்டி 3.42, ஆனா ஓட்டினவரு லிஃப்ட் கிட் (வண்டிய ஒசத்தற கிட்) போட்டு 35 இன்ச் டயர் மாட்டி வச்சிருக்காரு. பாக்க செம கெத்து, விலை ரெண்டாயிரம் டாலர் கூட. பெரிய நம்பர் இருந்தா இழுக்க நல்லதுன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, அதனால 3.42-தான் எடுக்கணும்னு மனசு சொல்லுது. முதல் வண்டியவே எடுத்தாலும் 33 டயராவது போடணும்னு ஆசை இருக்கு, மறைக்க விரும்பல :)

போற இடம் எல்லாம் ஐ-70-ல மேற்கால, ஐசனோவர் டனல் தாண்டி சில்வர்தார்ன், டில்லன் அந்தப் பக்கம். மண் ரோட்ல கேம்ப்சைட் வரைக்கும் போகணும், பெரிய ஆஃப்ரோடு எல்லாம் கிடையாது. எது எடுக்கலாம்?

ஹூஸ்டன்வாசி:

ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க, முதல் வண்டியவே எடுங்க. என்கிட்ட 3.08-தான் இருக்கு, போட் டிரெய்லர் கட்டி கால்வெஸ்டன் போயிட்டு வரேன், ஒரு பிரச்சனையும் இல்ல, ஹைவேல ஆர்பிஎம் ஏறாம சும்மா வழுக்கிட்டுப் போகும், பெட்ரோல் மிச்சம். டிரெய்லர் இழுக்கறது வருஷத்துல எத்தன நாள், மத்த நாள் எல்லாம் ஆபீஸ் போகவும் காஸ்ட்கோ போகவும்தான? அந்த நாளுக்கு ஏத்த மாதிரி வண்டி வாங்குங்க. 33 போட்டுக்கோங்க, ஒண்ணும் ஆகாது.

டெட்ராய்ட்_டிரைவ்லைன்:

ஹூஸ்டன் நண்பர் சொல்றது ஹூஸ்டனுக்கு சரி. கால்வெஸ்டன் போற வழில மேடுன்னு சொன்னா ஃப்ளைஓவர்தான். இவரு போறது 11,000 அடிக்கு மேல இருக்கற டனலுக்கு, அங்க ரோடு 6-7 சதவீதம் ஏறுது. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க முடியாது.

நான் டிரைவ்லைன் வேலைல இருக்கறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. டென்வர் தம்பி, நீங்க ஆக்ஸில் நம்பரையும் டயரையும் தனித்தனியா பாக்கறீங்க. அது ரெண்டும் ஒரே கணக்கு. 3.42-ன்னா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்லிருந்து ஆக்ஸிலுக்குப் போற தண்டு) 3.42 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. சக்கரம் பெருசானா அந்த ஒரு சுத்துல வண்டி கூட தூரம் போகுது, அதாவது சைக்கிள்ல பின்னாடி சின்ன பல்சக்கரத்துக்கு செயினை மாத்தின மாதிரி, மிதி கனமாயிடும். எவ்வளவு கனமாகும்னு சிம்பிளா போடலாம்: இருக்கற ரேஷியோவை பழைய டயர் உயரத்தால பெருக்கி புது டயர் உயரத்தால வகுங்க.

265/70ஆர்17 உயரம் 31.6 இன்ச். இப்ப உங்க ரெண்டாவது வண்டி, 3.42 பெருக்கல் 31.6 வகுத்தல் 35. எவ்வளவு வருது? 3.09. அதாவது ரெண்டாயிரம் டாலர் கூட குடுத்து நீங்க வாங்கப் போற 3.42 வண்டி, ரோட்ல நடந்துக்கறது முதல் வண்டி மாதிரியேதான். அதுக்கு மேல கனமான டயர், காத்தைப் புடிக்கற லிஃப்ட். முதல் வண்டில 33 போட்டா (285/70ஆர்17 எடுத்தீங்கன்னா உயரம் 32.7) அது 2.98 ஆயிடும், இன்னும் மோசம். ஆக நீங்க சொன்ன ரெண்டு ஆப்ஷனும் ஒரே குழிதான்.

ஆர்பிஎம் பாக்கணும்னா: மைல் வேகம் பெருக்கல் ஆக்ஸில் ரேஷியோ பெருக்கல் கியர் ரேஷியோ பெருக்கல் 336, வகுத்தல் டயர் உயரம் இன்ச்ல. இந்த வண்டியோட ஆறாவது கியர் 0.667. 65 மைல்ல 3.42-ம் கம்பெனி டயரும் இருந்தா சுமார் 1,580 ஆர்பிஎம். அதே 3.42-ல 35 டயர்னா 1,420. 3.08-ல கம்பெனி டயரும் அதே 1,420. கணக்கு சரியா ஒத்துப் போகுது பாருங்க.

மலைல நடக்கறது வேற கதை, அங்க ஆறாவது கியர் யாருக்கு வேணும். 5.3 இன்ஜின் 315 ஹெச்பி, ஆனா அது 5,200 ஆர்பிஎம்க்கு மேல, கடல் மட்டத்துல. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு மூணு சதவீதம் பக்கம் இழக்கும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. டனல்கிட்ட போகும்போது மூணுல ஒரு பங்கு காலி, மிச்சம் 210-220 ஹெச்பிதான். வண்டியும் டிரெய்லரும் ஆளும் சாமானும் சேந்து 12,000 பவுண்ட்னு வச்சுக்கோங்க, 7 சதவீத ஏத்தத்துல 45 மைல் வேகத்துக்கு ஏத்தத்துக்கு மட்டுமே சக்கரத்துல 100 ஹெச்பி வேணும், காத்து, டயர் உருளல் எல்லாம் சேத்தா 150 வந்துடும். இன்ஜின்ல அது இருக்கு, ஆனா 4,000 ஆர்பிஎம் பக்கத்துல போனாத்தான் இருக்கு. 45 மைல்ல மூணாவது கியர்ல 3.42, கம்பெனி டயரோட 2,500 ஆர்பிஎம்தான் வரும், போதாது, இரண்டாவதுக்கு இறங்கினா 3,870, அது போதும். இந்த 6 ஸ்பீட் பெட்டில ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல பெரிய இடைவெளி, 2.36-லிருந்து 1.53-க்கு ஒரே தாவல். 35 டயரோட ரெண்டாவது கியர்லயும் 3,490 தான் வரும். அப்ப என்ன ஆகும், ரெண்டுலயும் இழுக்காது மூணுலயும் இழுக்காது, வேகம் குறைஞ்சு குறைஞ்சு 35-ல லாரிங்களோட வலது லேன்ல ஊருவீங்க, கியர்பாக்ஸ் மாத்தி மாத்திப் போட்டு ஆயில் சூடாகும்.

அதனால முதல்ல டயர் என்னன்னு முடிவு பண்ணுங்க. ஆக்ஸில் அப்புறம்.

கெத்துமன்னன்:

அண்ணே கணக்கு எல்லாம் சரி, ஆனா 35-ஐ எடுத்துட்டு கம்பெனி டயர் போடச் சொன்னா அந்த லிஃப்ட் போட்ட வண்டி கொலுசு போட்ட யானை மாதிரி இருக்குமே 😂 வீல் ஆர்ச்ல பாதி வெளிச்சம் தெரியும்

டெட்ராய்ட்_டிரைவ்லைன்:

யாருக்கு அழகு காட்ட, டனலுக்கா? :) விரலுக்கேத்த வீக்கம்.

கல்கரி_யாழ்:

வணக்கம். நான் கல்கரியிலை இருக்கிறன், எங்களுக்கும் மலைதான், பனிதான். டயரைப் பற்றி மட்டும் சொல்லுறன். அகலமான டயர் பனியிலை நல்லாப் பிடிக்கும் எண்டு எல்லாரும் நினைக்கினம், அது பிழை. கொட்டிக் கிடக்கிற பனிக்குள்ளை ஒடுங்கின டயர்தான் கீழை இறங்கிப் பிடிக்கும், அகலமானது மேலை மிதக்கப் பாக்கும். 35-க்கு 12.50 இஞ்சி அகலம், அதைப் போட்டுக்கொண்டு சேறாகிக் கிடக்கிற பனியிலை டிரெய்லரோடை போறது எனக்கெண்டா விருப்பமில்லை. மூண்டு மலைச் சிகரமும் பனித்துகளும் போட்ட குறி டயரின்ரை பக்கத்திலை இருக்குதோ எண்டு பாருங்கோ, அது இருந்தால்தான் பனிக்குச் சோதிச்ச டயர். வெறும் எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) எழுத்தை நம்பாதேங்கோ.

மற்றது, உங்கடை கொலராடோவிலை ஐ-70-ல மோரிசனிலை இருந்து டொட்செரோ வரைக்கும் செப்டம்பர் முதலாம் திகதி துவங்கி மே 31 வரைக்கும் டயர்ச் சட்டம் இருக்குது, 4x4 எண்டாலும் டயர்ப் பல்லு 3/16 இஞ்சி ஆழமாவது இருக்கவேணும். அந்த 35 டயருகள் எவ்வளவு தேஞ்சு கிடக்குது எண்டு பாத்தனீங்களோ? தேஞ்சு போச்சுதெண்டால் நீங்கள் எப்பிடியும் புது டயர் வாங்கத்தான் வேணும், பிறகேன் 35-ஐப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்.

கோயமுத்தூர்_டல்லஸ்:

ஏனுங்க, எல்லாரும் கியரையும் டயரையும் பேசறீங்க, ஒருத்தரும் பேலோடு கேக்கலீங்களே. டிரைவர் கதவைத் திறந்தா மஞ்சள் ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும்ங்க, ஆளுங்களும் சாமானும் சேத்து இவ்வளவு பவுண்ட்க்கு மேல ஏத்தாதேன்னு. இந்த மாதிரி வண்டிக்கு 1,500 சொச்சம்தான் வரும்ங்க. டிரெய்லர் 6,000 பவுண்ட்னா அதோட மூக்கு உங்க ஹிட்ச் (டிரெய்லரை மாட்டற கொக்கி) மேல 10-லிருந்து 15 சதவீதம் உக்காரும், 12-ன்னு வச்சாலே 720. நீங்க நாலு பேரு 500. ஐஸ்பொட்டி, வெறகு, சைக்கிள், சட்டி பானைன்னு 200. வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் (மூக்குப் பாரத்தை முன் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கறது) தனியா ஒரு 80. கூட்டிப் பாருங்க, 1,500 தீந்துபோச்சு. இதுல லிஃப்ட் கிட்டு, பெரிய ரிம்மு, பெரிய டயரு எல்லாம் அந்த ஸ்டிக்கர் அடிச்சதுக்கு அப்புறம் ஏத்தின எடைங்க, அதையும் கழிச்சுக்கோணும். ஒவ்வொரு டயரும் கம்பெனி டயரை விட 20-30 பவுண்டு கூட வருமுங்க, ரிம்மு தனி.

டிரெய்லர் கட்டி சாமான் எல்லாம் ஏத்தி ஹைவே ஓரம் டிரக் ஸ்டாப்ல இருக்கற கேட் ஸ்கேல்ல (லாரி எடை மேடை) ஒருக்கா நிறுத்திப் பாத்துருங்க, சில டாலர்தான் ஆகும். வண்டி மேல ஒசந்துட்டா ஹிட்ச்சும் ஒசந்துரும், டிரெய்லர் மூக்கைத் தூக்கிட்டு நிக்கும், அதுக்கு ஆழமா இறங்கற டிராப் ஹிட்ச் வேற வாங்கோணும். டிரெய்லர் மட்டமா நிக்கலீன்னா பின்னாடி ஆட்டம் குடுக்குமுங்க.

ஈகோபூஸ்ட்_ரசிகன்:

நீங்க எல்லாம் 2013-லயே நின்னுட்டீங்க. 2017-க்கு அப்புறம் வந்த ஃபோர்டு எஃப்-150, 3.5 ஈகோபூஸ்ட் டர்போ இன்ஜின், 10 ஸ்பீட் எடுங்க, இந்தத் தலைவலியே வேணாம். முதல் கியரே 4.70. அதோட 3.31 ஆக்ஸில் போட்டாலும் மொத்தம் 15.5 வருது. நம்ம காலத்து 4 ஸ்பீட் செவில 4.10 ஆக்ஸில் போட்டா கூட 3.06 பெருக்கல் 4.10, 12.5தான். "இழுக்கணும்னா 4.10"ன்னு பெருசுங்க சொல்றது எல்லாம் நாலு கியர் இருந்த காலத்து பாட்டு. பத்து கியர் இருந்தா, 3.55 ஆக்ஸிலோட ஏத்தத்துல 45-ல மூணாவது நாலாவது அஞ்சாவதுன்னு 3,590, 2,960, 2,540-ன்னு படிப்படியா கிடைக்கும், நடுவுல ஓட்டையே இல்ல. டர்போ இருக்கறதால மேல போனாலும் மூச்சு வாங்காது. 3.55 போட்ட வண்டியா பாருங்க, கதவு ஸ்டிக்கர்ல ஆக்ஸில் கோடு எல்9-ன்னு இருந்தா 3.55 வித் லாக்கர் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேத்துப் பூட்டறது), எல்6-ன்னா 3.73. அதுல 33 தாராளமா போடலாம்.

ஹூஸ்டன்வாசி:

அப்படியே பத்து பதினஞ்சாயிரம் டாலரும் நீங்களே குடுத்துடுங்க ப்ரோ 🙏

புதுவண்டி_டென்வர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விஷயம் இருக்குன்னே தெரியாது. புது எஃப்-150 பட்ஜெட்ல வராதுங்க, அது மட்டும் உறுதி. பேலோடு ஸ்டிக்கர் ரெண்டு வண்டிலயும் பாக்கறேன்.

டெட்ராய்ட் அண்ணா, உங்ககிட்ட ரெண்டு கேள்வி. ஒண்ணு, முதல் வண்டிய எடுத்து 3.08-ஐ கழட்டிட்டு 3.73 போட்டா என்ன? ரெண்டு, ரெண்டாவது வண்டிய எடுத்து டயரை சின்னதாக்கினா என்ன? எது செலவு கம்மி? அப்புறம் 3,870 ஆர்பிஎம்ல மலை முழுக்க ஏறினா இன்ஜின் என்னத்துக்கு ஆகும், கேக்கவே பயமா இருக்கே.

டெட்ராய்ட்_டிரைவ்லைன்:

கடைசிக் கேள்விக்கு முதல்ல. சத்தத்துக்கு பயப்படாதீங்க. கூலன்ட், ஆயில் நல்லா இருந்தா 4,000-ல பத்து நிமிஷம் ஏறறது அந்த இன்ஜினுக்கு ஒரு வேலையே இல்ல. 1,800-ல மிதிச்சுப் புழியறதுதான் கெடுதல், அப்ப டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலமா இணைக்கறது) லாக் விட்டு விட்டு புடிச்சு கியர்பாக்ஸ் ஆயிலை வேக வச்சுடும். டோ-ஹால் (டிரெய்லர் இழுக்கற மோடு) பட்டனை அமுக்கிடுங்க, மீட்டர்ல டிரான்ஸ்மிஷன் டெம்பரேச்சர் வர்ற பக்கத்தை வச்சுட்டு ஓட்டுங்க.

ரீ-கியர், அதாவது ஆக்ஸில் ரேஷியோவை மாத்தற விஷயம். 4x4-ல பின்னாடி மட்டும் மாத்த முடியாது, முன்னாடியும் அதே ரேஷியோ இருக்கணும், இல்லன்னா 4x4 போட்ட நிமிஷம் முன் சக்கரமும் பின் சக்கரமும் மல்லுக்கட்டும், ஏதாவது ஒண்ணு உடையும். ரெண்டு செட் ரிங் அண்ட் பினியன் (ஆக்ஸிலுக்குள்ள இருக்கற பல்சக்கர ஜோடி), பேரிங் கிட், லேபர் எல்லாம் சேத்தா ரெண்டாயிரம் டாலர் சுலபமா தாண்டும். பின் ஆக்ஸில் 8.6 இன்ச்ல 3.08-லிருந்து 3.73-க்கோ 4.10-க்கோ போக கேரியர் (ரிங் கியரைத் தாங்கற கூடு) மாத்த வேணாம், அது ஒரு நல்ல விஷயம், ஆனா 2009-லிருந்து பேரிங் அளவு மாறிடுச்சு, கிட் வாங்கும்போது வருஷம் சொல்லி வாங்கணும். இந்த வேலை எல்லா மெக்கானிக்கும் செய்யற வேலை கிடையாது. பினியன் ஆழத்துக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைக்கணும், பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) ஒரு இன்ச்ல ஆயிரத்துல ஆறுலிருந்து பத்து பங்குக்குள்ள வரணும், பல்லுல மஞ்சள் பேஸ்ட் தடவி சுத்தி தடம் எங்க விழுதுன்னு பாக்கணும். கொஞ்சம் தப்பினாலும் வண்டி ஊளையிட ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம் 500 மைல் டிரெய்லர் கட்டாம மெதுவா ஓட்டி ஆயில் மாத்தணும், முதல் ஓட்டம் 15-20 நிமிஷம், நிறுத்தி நல்லா ஆறவிட்டு மறுபடி. கம்ப்யூட்டர்லயும் புது ரேஷியோவை ஏத்தணும், இல்லன்னா ஸ்பீடோமீட்டரும் கியர் மாத்தற நேரமும் தப்பாயிடும்.

அதை விட டயர் மாத்தறது ரொம்ப மலிவு. ரெண்டாவது வண்டிக்கு யாராவது புது வண்டிலிருந்து கழட்டி விக்கற ரிம்மும் டயரும் ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ்ல கிடைக்கும், ஆறு போல்ட் 139.7 எம்எம் பேட்டர்ன். 35-ஐ வித்தா அதுலயே முக்கால்வாசி காசு வந்துடும், வாங்க ஆள் இருக்கு.

ஆனா ஒரு விஷயம் நெருடுது. 35 போட்டவரு, லிஃப்ட் போட்டவரு, அவ்வளவு செலவு பண்ணவரு கியரை மாத்தாமலா விட்டிருப்பாரு? 3.42-ன்னு உங்களுக்கு எப்படி தெரிஞ்சுது?

புதுவண்டி_டென்வர்:

க்ளவ் பாக்ஸ்ல ஒரு வெள்ளை ஸ்டிக்கர்ல நிறைய கோடு இருந்துச்சு, ஜியூ6-ன்னு இருந்தா 3.42-ன்னு தேடிப் பாத்தேன். ஜி80-ம் இருந்துச்சு. இப்ப விக்கறவரு ரெண்டாவது ஓனர், அவருக்கு இதெல்லாம் எதுவும் தெரியல, "வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு"ங்கறாரு.

டெட்ராய்ட்_டிரைவ்லைன்:

அதான பாத்தேன். அந்த ஸ்டிக்கர் ஃபேக்டரில என்ன போட்டாங்கன்னுதான் சொல்லும், அப்புறம் யாரு என்ன மாத்தினாங்கன்னு அதுக்கு எப்படி தெரியும். ஜி80 இருக்கறது நல்லது, பின்னாடி ஒரு சக்கரம் வழுக்கினா தானா லாக் ஆகும், மண் ரோட்டுக்கு உதவும்.

மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. கியர் லிவரை எம்-ல (நாமளே கியர் மாத்தற நிலை) வச்சு நாலாவதுல நிறுத்துங்க, ஃபோன் ஜிபிஎஸ்ல சரியா 60 மைல் வரட்டும், வண்டி மீட்டரை நம்பாதீங்க, ஆர்பிஎம் முள் எங்க இருக்குன்னு பாருங்க. நாலாவது கியர் 1.152. 35 டயரோட 3.42-ன்னா 2,270 வரும், 3.73-ன்னா 2,475, 4.10-ன்னா 2,720. டயர் வண்டி பாரத்துல கொஞ்சம் அமுங்கும், அதனால நிஜத்துல ரெண்டு மூணு சதவீதம் கூடத்தான் காட்டும். ஆளைப் பக்கத்துல உக்கார வச்சு பாக்கச் சொல்லுங்க, நீங்க ரோட்டைப் பாருங்க.

கெத்துமன்னன்:

இந்த த்ரெட் இப்ப துப்பறியும் கதை ஆயிடுச்சு, பாப்கார்ன் எடுத்துட்டு வரேன்

புதுவண்டி_டென்வர்:

அண்ணா! போயிட்டு வந்துட்டேன். ஐ-225-ல ஓட்டினேன், வீட்டம்மா ஃபோனைப் புடிச்சுட்டு இருந்தாங்க. ஜிபிஎஸ் 60, நாலாவது கியர், முள்ளு 2,750-ஐ தாண்டி நிக்குது. ரெண்டு மூணு தடவை பாத்தோம், அதேதான். வண்டியோட ஸ்பீடோமீட்டரும் 60-தான் காட்டுச்சு, ஜிபிஎஸ்ஸோட ஒத்துப் போகுது.

டெட்ராய்ட்_டிரைவ்லைன்:

4.10. சந்தேகமே இல்ல. கம்ப்யூட்டர்லயும் சரியா ஏத்தி வச்சிருக்காரு அந்த முதல் ஓனர், இல்லன்னா மீட்டர் ஒத்துப் போகாது. ஆக வேலை தெரிஞ்ச இடத்துல செஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்.

இப்ப கணக்கு தலைகீழ். 4.10-ல 35 இருக்கும்போதே கம்பெனி டயர் கணக்குல 3.70 மாதிரி நடந்துக்கும், அதுவே முதல் வண்டிய விட ரொம்ப மேல. நீங்க ஆசைப்பட்ட 33-ஐ, அந்த 285/70ஆர்17-ஐ போட்டீங்கன்னா 3.96 மாதிரி. 65 மைல்ல ஆறாவதுல 1,825 ஆர்பிஎம், தினசரி ஓட்ட ஒண்ணும் கெட்டுப்போகாது, மைலேஜ் கொஞ்சம் குறையும். மலைல 45 மைல்ல ரெண்டாவது கியர் 4,480, மூணாவது 2,900. மூணாவதுலயே சின்ன ஏத்தம் எல்லாம் போயிடும். இறங்கும்போதும் இன்ஜின் புடிச்சுக்கும், ப்ரேக்கை மிதிச்சுக்கிட்டே சில்வர்தார்ன் இறங்க வேணாம்.

ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி வண்டிய மெக்கானிக் கடை லிஃப்ட்ல ஏத்தி முன் ஆக்ஸிலும் 4.10-தானான்னு பாக்கணும். பின்னாடி மட்டும் மாத்திட்டு 4x4 போடாம ஓட்டிட்டு இருந்த ஆளுங்களும் உண்டு. ரெண்டு சக்கரத்தையும் சேத்து ஒரு சுத்து சுத்தினா ஷாஃப்ட் நாலு சுத்துக்கு கொஞ்சம் மேல சுத்தணும், முன்னாடியும் பின்னாடியும். ஷாஃப்ட்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுட்டு எண்ணச் சொல்லுங்க. அது தெரியாம தார் ரோட்ல 4x4 போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கிப் பாத்து இரும்புத் துகள் இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க, காந்தத்துல பேஸ்ட் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தா சகஜம், சில்லு சில்லா இருந்தா அப்படியே திரும்பி வந்துடுங்க. ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டர்ல கால் வச்சா ஒரு சத்தம், எடுத்தா ஒரு சத்தம்னு ஊளை இருந்துச்சா?

புதுவண்டி_டென்வர்:

டயர் சத்தமே காதைக் கிழிக்குதுண்ணா, அதுல ஊளை தெரிஞ்சாத்தான. கடைல குடுத்து பாத்துடறேன்.

கோயமுத்தூர்_டல்லஸ்:

33 வாங்கறப்ப எல்டி (லைட் டிரக்) டயர்தான் வாங்கோணும்ங்க, ஆனா லோடு ரேஞ்ச் (பாரம் தாங்கற தரம்) ஈ வேணுமான்னு யோசிங்க. அதே 285/70ஆர்17 லோடு ரேஞ்ச் சி-லயும் வருது, எடை கம்மி, காலியா ஓட்டறப்ப குலுங்காது. உங்க 6,000 பவுண்டு டிரெய்லர் மூக்குக்கு சி தாங்குமான்னு டயர்ல எழுதியிருக்கற எடையையும் ஆக்ஸில் எடையையும் வச்சுப் பாருங்க, தாங்குமுங்க. அடிக்கடி கூரான கல்லு ரோடுன்னா ஈ. நெசமா சொன்னா எனக்கு ஈ-தான் புடிக்கும், டிரெய்லரோட வளைவுல போறப்ப பக்கச் சுவர் நெளியாது.

பேலோடு ஸ்டிக்கர் என்னாச்சுங்க, பாத்தீங்களா?

புதுவண்டி_டென்வர்:

பாத்தேங்க, 1,540. லிஃப்ட் கிட் இருக்கறதால அதுல ஒரு 150 கழிச்சுக்கறேன். ஆக டிரெய்லர்ல தண்ணித் தொட்டிய காலியா வச்சுட்டுப் போய் அங்க ரொப்பிக்க வேண்டியதுதான், சைக்கிள் எல்லாம் வீட்லயே.

கல்கரி_யாழ்:

தண்ணி ஒரு கலன் 8.3 பவுண்ட், 30 கலன் எண்டாலே 250 பவுண்ட் மிச்சம். நல்ல யோசினை. ஆனால் தொட்டி ஆக்சிலுக்குப் பின்னாலை இருக்குதோ முன்னாலை இருக்குதோ எண்டு பாத்துக்கொள்ளுங்கோ. பின்னாலை இருக்கிற தொட்டியை நிரப்பினால் மூக்குப் பாரம் குறையும், டிரெய்லர் ஆடும்.

ஹூஸ்டன்வாசி:

சரி நானும் ஒத்துக்கறேன், 4.10-னா ரெண்டாவது வண்டிதான். ஆனா 35-லிருந்து 33-க்கு வந்தா ஸ்பீடோமீட்டர் மறுபடி தப்பாகுமே?

டெட்ராய்ட்_டிரைவ்லைன்:

ஆகும். இந்த தடவை அது வேகத்தை அதிகமா காட்டும், மீட்டர்ல 65-ன்னா நிஜத்துல 61 மைல்கிட்டதான் போவீங்க. போலீஸ் புடிக்க மாட்டான், பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிப்பான். ஓடோமீட்டரும் மைலைக் கூட்டிக் காட்டும், மைலேஜ் நல்லா வர்ற மாதிரி பொய்யா ஒரு சந்தோஷம் கிடைக்கும். கையடக்க ட்யூனர் ஒண்ணு வாங்கினா டயர் அளவை நீங்களே மாத்திக்கலாம். கியர் ரேஷியோ பக்கம் மட்டும் கை வைக்காதீங்க, அது சரியா இருக்கு.

புதுவண்டி_டென்வர்:

கடைல சனிக்கிழமை காலைல நேரம் குடுத்திருக்காங்க, முன் ஆக்ஸிலை எண்ணிப் பாத்துட்டு வந்து சொல்றேன். முன்னாடி 3.42-ஆவே இருந்துச்சுன்னா?

டெட்ராய்ட்_டிரைவ்லைன்:

முன் ஆக்ஸில் மாத்தற செலவு எவ்வளவுன்னு அதே கடைல எழுதி வாங்குங்க, அந்தத் தொகைய விலைல கழிக்கச் சொல்லுங்க. கழிக்க மாட்டேன்னா விட்டுடுங்க. 3.42-ல கம்பெனி டயரோட ஒரு வண்டி, ஜியூ6 ஸ்டிக்கரோட, லிஃப்ட் கிஃப்ட் எதுவும் இல்லாம டென்வர்ல கிடைக்காமயா போயிடும்.